பூவைத் திருப்பிப் பாருங்கள்: நெருங்கிய உறவுள்ள காட்டுப்பூக்களைப் பிரித்தறிதல்

காட்டுப்பூக்களைப் பார்த்துப் பெயர் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் முதல் கட்டத்தை எளிதாகவே கடந்துவிடுகிறார்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் புதர்க்காட்டு விளிம்பிலும் நடந்தால், இது தும்பை, இது கானாவாழை, இது துத்தி என்று பேரினம் வரை சொல்லும் திறன் தானாகவே வந்துவிடும். அதற்கு அடுத்த கட்டம்தான் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. எந்தத் தும்பை, எந்தக் கானாவாழை என்று ஒருவர் கேட்டுவிட்டால், கைபேசியில் இருக்கும் அழகான படங்கள் ஒன்றுக்கும் உதவுவதில்லை. ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை பூவை நேர் எதிரிலிருந்து எடுத்தவை. நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களோ அந்த முகத்தில்தான் மிகக் குறைவாக வேறுபடுகின்றன.

இதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பூவின் முகம் பூச்சிக்காக அமைந்தது. ஒரே வகைத் தேனீக்களை நம்பி வாழும் உறவுச் செடிகள் நிறத்தையும் இதழின் அமைப்பையும் அதிகம் மாற்றிக்கொள்ளாமலே பிரிந்து போயிருக்கின்றன. பூச்சியின் கண் படாத இடங்களில், அதாவது புல்லி வட்டத்தின் விளிம்பில், பூவுக்கு அடியில் நிற்கும் செதிலில், இலைக்காம்பின் சுரப்பியில், கணுவின் மயிரில், காயின் பிளவில் வேறுபாடுகள் தங்கிவிடுகின்றன. ஆகவே செடியைக் கண்டதும் பூவைத் திருப்பிப் பார்ப்பதை நான் முதல் வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

தும்பையிலிருந்து தொடங்குவது நல்லது. எங்கும் கிடைக்கும், பறித்தால் குறைந்துபோகாது. நாம் பொதுவாகத் தும்பை என்று சொல்வது லியூகாஸ் ஆஸ்பெரா என்னும் சிற்றினம். வெள்ளைப் பூவில் இரண்டு உதடுகள் இருக்கும். மேலுதடு சிறியது, வெண்பஞ்சு போன்ற மயிர் அடர்ந்து குவிந்தது. அதற்குள்தான் மகரந்தத்தாள்கள் ஒளிந்திருக்கின்றன. கீழுதடு அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நீளம். தேனீ வந்து அமரும் மேடை அது. அமர்ந்த தேனீ உள்ளே தலையை நுழைக்கும்போது மேலுதட்டுக்குள் இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் படிகிறது. இந்த ஏற்பாடு பேரினம் முழுவதற்கும் பொதுவானது. ஆகவே வெள்ளைப் பூவையும் இரண்டு உதடுகளையும் எத்தனை நேரம் பார்த்தாலும் சிற்றினம் தெரியப்போவதில்லை.

பூவை மெல்ல இழுத்தால் வெள்ளைக் குழல் தனியே கழன்று வந்துவிடும். செடியில் எஞ்சி நிற்பது பச்சை நிறப் புல்லிக் குழல். ஆஸ்பெராவில் அந்தக் குழல் சற்று வளைந்திருக்கும். கீழ்ப்பாதி பெரும்பாலும் வழுவழுப்பாகவும் மெல்லிய சவ்வாகவும் இருக்க, மேற்பாதியில் நரம்புகள் புடைத்துச் சொரசொரப்பான மயிர்கள் நிற்கும். அதன் வாய் நேராக வெட்டியதுபோல் இருக்காது. நன்றாகச் சாய்ந்து, மேல்பக்கம் முன்னோக்கி நீண்டிருக்கும். விளிம்பில் சிறிய முக்கோணப் பற்கள் உண்டு. அவற்றுள் மேலே இருப்பதுதான் பெரியது. லென்ஸ் வழியாக ஒருமுறை இந்த வாயைப் பார்த்துவிட்டால், பிறகு வெறுங்கண்ணுக்கே அந்தச் சாய்வு தெரியத் தொடங்கும்.

இதன் அருகில் லியூகாஸ் செஃபலோட்டஸ் கிடைத்தால் இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்ள வேண்டும். இதன் பூங்கொத்து பெரிய உருண்டையாகத் தண்டின் நுனியில் நிற்பது தொலைவிலிருந்தே தெரியும் என்றாலும், வறண்ட இடத்தில் முளைத்த சிறிய செடியில் உருண்டையும் சிறுத்துவிடுவதால் அதை மட்டும் நம்பக்கூடாது. நம்பத்தக்கது பூவடிச்செதில், அதாவது ஒவ்வொரு பூவுக்கும் அடியில் நிற்கும் சிற்றிலை. ஆஸ்பெராவில் அது ஊசிபோல் மெலிந்து, ஓரத்தில் நீண்ட மயிர்களோடு இருக்கும். செஃபலோட்டஸில் அது ஈட்டி வடிவில் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கொத்தின் அடியைச் சுற்றி மூடியிருக்கும். உருண்டையைத் தலைகீழாகத் திருப்பினால் ஒரு நொடியில் முடிகிற வேலை இது. லியூகாஸ் பைஃப்ளோரா இன்னும் எளிது. தரையில் படரும், கணுவுக்கு இரண்டு மூன்று பூக்களுக்கு மேல் இராது, உருண்டையே கட்டாது. உண்மையில் தலையைச் சொறிய வைப்பவை ஒடுங்கிய இலையுடைய தும்பைகள். ஆஸ்பெராவின் இலையே சில இடங்களில் மிகவும் குறுகிவிடுவதால், லியூகாஸ் சைலானிகா, லியூகாஸ் லாவண்டுலிஃபோலியா ஆகியவற்றோடு இலையை வைத்து ஒப்பிடுவது பயனற்றது. அங்கே புல்லி வாயையும் செதிலின் நீளத்தையும் தவிர வேறு வழியில்லை.

தும்பை என்ற பெயரைத் தாங்கினாலும் தும்பைக்கு எந்த உறவும் இல்லாத கவிழ்தும்பையையும் இங்கேயே சொல்லிவிடலாம். டிரைக்கோடெஸ்மா இண்டிகம் என்ற இச்செடியின் பூ தரையை நோக்கித் தொங்குவதால், அதைத் திருப்பாமல் பார்ப்பதற்கே வழியில்லை. வெளிர்நீலமாக விரிந்து, நேரமாக ஆக இளஞ்சிவப்போ வெள்ளையோ படிகிற பூ. இதன் உறவான டிரைக்கோடெஸ்மா சைலானிகமும் அதே நீலம், அதே தொங்கல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புல்லி மடலின் அடியில் இருக்கிறது. இண்டிகத்தில் ஒவ்வொரு புல்லி மடலின் அடியிலும் இரு பக்கமும் காது மடல்கள்போல நீட்சி உண்டு. சைலானிகத்தில் அந்தக் காதுகள் கிடையாது. இலையும் ஒத்துழைக்கிறது: முன்னதில் காம்பில்லாத இலை தண்டைத் தழுவி நிற்க, பின்னதில் இலை அடிநோக்கி ஒடுங்கிவிடும். ஒன்றையொன்று சாராத இரண்டு அடையாளங்கள் ஒரே பக்கம் சாய்ந்தால் அங்கே உறுதியாகப் பெயர் எழுதலாம் என்பது என் வழக்கம். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து எழுதிய பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கிறேன்.

கானாவாழையில் நேரம் முக்கியம். காலையில் விரியும் நீலப் பூ நண்பகலுக்குள் சுருங்கிக் கூழாகிவிடும். பிற்பகலில் போனால் பூ கிடைக்காது. இருந்தாலும் சிற்றினத்தைக் கண்டறியப் பூ தேவையே இல்லை என்பதுதான் இப்பேரினத்தின் வசதி. கொம்மெலின் என்ற குடும்பத்தின் பெயரால் இப்பேரினத்துக்கு அமைந்த கொம்மெலைனா என்ற பெயரைப் பற்றித் தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இல் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு: பூவின் மூன்று இதழ்களில் இரண்டு எடுப்பானவை, ஒன்று கண்ணில் படாதது, கொம்மெலின் குடும்பத்திலும் இருவர் தாவரவியலில் பெயர் பெற்றார்கள், மூன்றாமவர் எதையும் சாதிக்கும் முன்பே இறந்துவிட்டார் என்பது அதன் சாரம். சற்றே கொடுமையான நகைச்சுவைதான். ஆனால் அந்த மூன்று இதழ்களும் நம் ஊர்க் கானாவாழைகள் பலவற்றுக்கும் ஒன்றுபோலவே இருப்பதால் பிரித்தறிய உதவுவதில்லை.

பார்க்க வேண்டியது பூ வெளிவரும் மடல். படகு வடிவில் மடிந்த இந்தப் பச்சை மடலுக்குள்ளிருந்துதான் ஒவ்வொரு நாளும் ஒரு பூ எழும்பி வருகிறது. மடலின் இரண்டு ஓரங்களும் அடிப்பகுதியில் ஒட்டிப் புனலாகியிருக்கின்றனவா, அல்லது ஒட்டாமல் விலகி, விரலால் முழுவதும் விரிக்கக்கூடியனவாக இருக்கின்றனவா? இந்த ஒரு கேள்வி பேரினத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. கொம்மெலைனா பெங்காலென்சிஸ் புனல் வகை. அதன் மடலை நசுக்கினால் வழவழப்பான நீர் கசியும். இலை அகன்ற முட்டை வடிவம். சிறு காம்பு உண்டு. இலை தண்டைப் பற்றும் உறையின் வாயில் செம்பழுப்பு நிற மயிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கொம்மெலைனா டிஃப்யூசாவில் மடலின் ஓரங்கள் ஒட்டுவதில்லை. இலை நீண்ட ஈட்டி வடிவம், காம்பில்லை. ஈரம் தேங்கும் வாய்க்கால் கரைகளில் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படர்ந்திருக்கும். பெங்காலென்சிஸ் செடியைக் கவனமாக வேரோடு எடுத்தால் இன்னொரு அடையாளமும் கிடைக்கும்: மண்ணுக்குள்ளேயே, விரியாமலே தன்மகரந்தச் சேர்க்கை முடித்துக் காய்க்கும் வெளிறிய பூக்கள். களையெடுத்த வயலில் இது திரும்பத் திரும்ப முளைப்பதற்கு அந்த மண்ணடி விதைகளும் ஒரு காரணம்.

இந்த இரண்டையும் வாய்க்கால் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று கவனித்துவிட்டு, "தம்பி, அது வேற, இது வேற. அகல எலதான் கீரைக்கு ஆகும். நீட்டெல மாட்டுக்கு" என்றார். பூ இல்லாதபோது எப்படிம்மா கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "பூவ யாரு பாத்தா? கணுவத் தடவுனா மசுரு தட்டுப்படும், அவ்வளவுதான்" என்றார். உறை வாயின் செம்பழுப்பு மயிரைத்தான் அவர் விரலால் படித்துக்கொண்டிருந்தார். செடியைப் பயன்படுத்துகிறவர்கள் எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பது நல்ல வழி. அவர்கள் பிரித்தறியும் இடத்தில் பெரும்பாலும் ஓர் உண்மையான அடையாளம் இருக்கும். ஆனால் அவர்கள் பிரிக்காத இடத்தில் வேறுபாடே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பயன் ஒன்றாக இருக்கும்போது மூன்று சிற்றினங்கள் ஒரே பெயரில் புழங்குவது சாதாரணம்.

அதற்குக் கீழாநெல்லி நல்ல எடுத்துக்காட்டு. மருந்துச் செடிப் புத்தகங்கள் பலவற்றிலும் இன்றுவரை பிலாந்தஸ் நிரூரி என்று அச்சாகிறது. அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்க நிலப்பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் அப்பெயரால் குறிக்கப்பட்டவை பிலாந்தஸ் அமாரஸ், பிலாந்தஸ் ஃபிராட்டர்னஸ், பிலாந்தஸ் டெபிலிஸ் என்னும் மூன்று சிற்றினங்களின் கலவை என்று 1985இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இலையடியில் தொங்கும் கடுகளவுப் பூவை லென்ஸில் வைத்தால் அமாரஸில் பூவிதழ்கள் ஐந்து, மற்ற இரண்டிலும் ஆறு. எண்ணுவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். இதழ்கள் மிகச் சிறியவை, காய் முற்றும்போது கீழே மடங்கிவிடுவதும் உண்டு. புதிதாக விரிந்த பூக்கள் சிலவற்றை எண்ணிப் பார்ப்பது நல்லது. நம் மண்ணுக்கே உரியவை என்று நாம் கருதும் செடிகள் எல்லாம் அப்படியல்ல என்பதையும் இச்செடி நினைவூட்டுகிறது. வயலெங்கும் கிடைக்கும் அமாரஸின் பூர்விகமே அமெரிக்க வெப்பமண்டலம்தான். விஷ்ணுகிராந்தி என்னும் நீலப் பூவுடைய எவோல்வுலஸ் அல்சினாய்டஸ் நம் செடி. அதன் உறவான, வட்ட இலையும் வெள்ளைப் பூவுமாகப் புல்வெளிகளில் படரும் எவோல்வுலஸ் நம்முலாரியஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது. உள்நாட்டுக் காட்டுப்பூக்களின் பட்டியல் தயாரிக்கிறவர்கள் பேரினத்தோடு நின்றுவிட்டால், வந்தேறியும் நம் செடி என்று பட்டியலில் ஏறிவிடும்.

மஞ்சள் பூக்களில் இரண்டு கூட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது தகரை. சென்னா டோரா, சென்னா ஒப்டுசிஃபோலியா ஆகிய இரண்டும் சாலையோரங்களில் கலந்தே வளர்கின்றன. இலைக்காம்பில், சிற்றிலைகள் சோடி சோடியாகப் பிரியும் இடத்தில் குச்சிபோன்ற சிறு சுரப்பி நிற்கும். அது அடிச் சோடியில் மட்டும் இருந்தால் ஒப்டுசிஃபோலியா. அடியிலிருந்து முதல் இரண்டு சோடிகளிலும் இருந்தால் டோரா. பூக்காம்பும் காய்க்காம்பும் டோராவில் குட்டையாகவும் மற்றதில் நீளமாகவும் இருக்கும். முற்றிய இலையில் சுரப்பி காய்ந்து உதிர்ந்துவிடுவதால் இளம் இலையில் பார்க்க வேண்டும். பொன்னாவாரை என்னும் சென்னா ஆக்சிடெண்டாலிஸிலும் அதன் உறவான சென்னா சோஃபேராவிலும் சுரப்பி காம்பின் அடியிலேயே ஒட்டியிருக்கும். முன்னதில் உருண்டை, பின்னதில் நீண்ட குண்டாந்தடி வடிவம். காய் வந்துவிட்டால் சுரப்பியைத் தேட வேண்டிய தேவையும் இல்லை: ஆக்சிடெண்டாலிஸின் காய் தட்டை, சோஃபேராவின் காய் உப்பியது. ஆவாரையில் இந்தச் சிக்கல்கள் எதுவும் இல்லை. இலைக்காம்பின் அடியில் காது வடிவில் அகன்று நிற்கும் இலையடிச்செதில்கள் அதை வேறெதனோடும் குழப்ப விடுவதில்லை.

இரண்டாவது கூட்டம் சைடா. நிலத்துத்தி முதலான இக்குறுஞ்செடிகளின் மஞ்சள் பூக்களைப் படமெடுத்துப் பெயர் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் மறுமொழி ஒன்றுதான்: காய் எங்கே? முற்றிய காயைப் புல்லிக் கிண்ணத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் உதிர்த்தால், ஆரஞ்சுச் சுளைகளைப்போலத் தனித்தனித் துண்டுகளாகப் பிரியும். அந்தத் துண்டுகளை எண்ண வேண்டும், ஒவ்வொன்றின் உச்சியிலும் உள்ள முள்ளைப் பார்க்க வேண்டும். தரையில் படர்ந்து, நீண்ட காம்பில் தனிப்பூ நிறுத்தும் சைடா கார்டேட்டாவில் துண்டுகள் ஐந்து. இதய வடிவ இலையும் வெல்வெட்போன்ற மயிருமுள்ள சைடா கார்டிஃபோலியாவில் ஏறத்தாழப் பத்து. ஒவ்வொன்றிலும் நீண்ட இரண்டு முட்கள், அந்த முட்களின் மேல் கீழ்நோக்கிப் படிந்த மயிர்கள். சைடா ரோம்பிஃபோலியாவும் சைடா அகூட்டாவும்தான் அதிகம் குழப்புபவை. ரோம்பிஃபோலியாவின் சாய்சதுர இலையில் பற்கள் மேற்பாதியில் மட்டும் அமைந்து அடிப்பாதி மழுங்கியிருக்கும், இலையின் கீழ்ப்பக்கம் வெளிறி, நட்சத்திரமாகக் கிளைத்த மயிர்கள் பூசியிருக்கும், பூக்காம்பு நீளம். அகூட்டாவில் பூக்காம்பு குட்டை; இலைகள் கிளையின் இரு பக்கமும் ஒரே தளத்தில் வரிசையாக நிற்கும்.

அகூட்டாவின் கணுவை லென்ஸில் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்காத வேலை. ஒவ்வொரு இலையின் அடியிலும் இரண்டு இலையடிச்செதில்கள் இருக்கும். சோடி என்றால் ஒன்றுபோல் இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். இச்செடியிலோ ஒன்று நூல்போல் ஒடுங்கி ஒற்றை நரம்போடு நிற்க, எதிர்ப்பக்கத்தில் இருப்பது அகன்று, அரிவாள்போல் சற்று வளைந்து, பல நரம்புகளோடு நிற்கும். பூவும் காயும் இல்லாத கிளையிலும் இது தெரியும். செதில்கள் விரைவில் உதிர்வதால் கிளை நுனியில் உள்ள இரண்டு மூன்று கணுக்களில் தேட வேண்டும்.

பூவின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் இடங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மாலையில் விரியும் துத்திகளில், அபுடிலான் இண்டிகத்தின் மஞ்சள் முழுவதும் ஒரே மஞ்சள்; அபுடிலான் ஹிர்டத்தின் நடுவில் கருஞ்சிவப்புக் கண் இருக்கும், தண்டில் நீண்ட மயிர்கள் விலகி நிற்கும். அப்படிப்பட்ட சோடிகள் விதிவிலக்கு என்றுதான் நான் கொள்கிறேன். நிறத்தின் மேல் நம்பிக்கை வைப்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது: நீலத்தையும் ஊதாவையும் கைபேசி கேமரா பெரும்பாலும் மாற்றிக் காட்டுகிறது. நேரில் வெளிர்நீலமாக இருந்த பூ படத்தில் ஊதாவாகிவிடும். நிறத்தைச் செடியின் அருகிலேயே சொல்லால் எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு.

நிறத்தை மட்டும் நம்புவதன் விளைவைக் குறிஞ்சிச் செய்திகளில் பார்க்கலாம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா, 2006இலும் 2018இலும் மலைச்சரிவுகளை நீலமாக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் எங்காவது குறிஞ்சி பூத்துவிட்டது என்று படத்தோடு செய்தி வருகிறது. அவற்றுள் சில உண்மையில் குந்தியானாவாகவே இருக்கலாம், ஏனெனில் எல்லா மலைகளிலும் ஒரே ஆண்டில் அது பூப்பதில்லை. இடுக்கிப் பக்கத்து மலைகளில் 2022இல் பூத்தது. ஆனால் பல படங்களில் இருப்பவை அதே பேரினத்தின் வேறு சிற்றினங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்பேரினத்தில் பல பத்துச் சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் சில ஆண்டுதோறும் பூப்பவை, சில வெவ்வேறு இடைவெளிகளில் பூப்பவை. குந்தியானா திறந்த புல்வெளிச் சரிவுகளில் கூட்டமாக நிற்கும் குறும்புதர். சோலைக்குள் நிழலில் நிற்கும் உயரமான குறிஞ்சியைக் கண்டால் முதலில் வேறு சிற்றினம் என்றே கொண்டு பார்க்கத் தொடங்குவது நல்லது. பிறகு பூவடிச்செதிலின் வடிவம், அதன் மேல் உள்ள மயிர், மகரந்தத்தாள்கள் இரண்டா நான்கா என்பன வரிசையாக வர வேண்டும். ஊதா மணிப்பூவின் நெருக்கப் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றுள் எதையும் சொல்ல முடியாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் குந்தியானா 2024இல் அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்க்கப்பட்டபின், சரியான அடையாளம் வெறும் ஆர்வலர் விவகாரமாக மட்டும் இருக்கவில்லை. தவறான பெயரோடு பரவும் படங்கள் அந்தச் செடி ஏராளமாக இருப்பதுபோல் ஒரு தோற்றத்தைத் தருகின்றன.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று போதும். அதற்கு மேல் பெரிதாக்குபவை கை நடுக்கத்தையும் பெரிதாக்குகின்றன. லென்ஸைச் செடியருகில் நீட்டிப் பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்து பார்ப்பவர்களே அதிகம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, வெளிச்சம் பூவின் மேல் விழும்படி திரும்பிக்கொண்டு, தெளிவாகும்வரை பூவை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றைக் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒட்டிவைத்தால் படத்திலும் அது இடம்பெறும்.

படங்களை ஒரு வரிசையில் எடுக்கும் பழக்கம் மிகுந்த பயன் தரும். முழுச்செடி, இலையின் இரு பக்கங்கள், இலையடிச்செதில் தெரியும்படி கணு, பூவின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம், கிடைத்தால் காய். இதில் பின்புறமும் கணுவும்தான் பெரும்பாலோர் விட்டுவிடுபவை, பிறகு தேவைப்படுபவையும் அவைதான். அடையாளம் காட்டும் செயலிகள் என் அனுபவத்தில் பேரினம் வரை பெரும்பாலும் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கிருந்து அவை தரும் சிற்றினப் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உறவுச் சிற்றினங்கள் எவை என்று தேடுவதற்குப் பயன்படுத்துகிறேன். எந்தச் சோடியைப் பிரிக்க வேண்டும் என்பதே தெரியாவிட்டால் எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியாது.

உறவுச் சிற்றினங்களின் பட்டியலுக்கும் அவற்றைப் பிரிக்கும் திறவுகளுக்கும் நாம் இன்னும் பழைய நூல்களையே பெரிதும் நம்பியிருக்கிறோம். தாவரவியலாளர் கேம்பிள் தொடங்கி, 1925இல் அவர் மறைந்தபின் ஃபிஷர் என்பவர் நிறைவு செய்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. சமவெளிச் செடிகளுக்கு, உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தைச் சேர்ந்த கே. எம். மேத்யூவின் 1980களின் நூல்கள் இன்னும் நெருக்கமானவை. இவற்றில் திறவு என்பது இரண்டிரண்டு கூற்றுகளாக அமைந்திருக்கும்: புல்லி வாய் சாய்ந்ததா, நேரானதா, மடலின் ஓரம் ஒட்டியதா, ஒட்டாததா. முதல் கூற்று பொருந்துகிறது என்று கண்டதும் அடுத்த எண்ணுக்குத் தாவிவிடக் கூடாது. இரண்டாவதையும் படித்து, எது கூடுதலாகப் பொருந்துகிறது என்று பார்த்த பிறகே நகர வேண்டும். திறவு பழகுவதற்குத் தெரியாத செடியை எடுக்காமல், பெயர் நன்றாகத் தெரிந்த ஒரு செடியை எடுத்து, திறவு அதே பெயருக்குக் கொண்டுபோகிறதா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. நூல் சாய்ந்தது என்று சொல்வது எவ்வளவு சாய்வை, மயிரடர்ந்தது என்று சொல்வது எவ்வளவு மயிரை என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். பழைய நூலில் தகரையும் ஆவாரையும் காசியா என்ற பேரினத்தின் கீழ் இருக்கும், சென்னா என்று தேடினால் கிடைக்காது. இன்றைய பெயரோடு பழைய பெயரையும் குறித்துக்கொண்டே தேட வேண்டும்.

நூலும் லென்ஸும் போதாத இடத்தில் உலர்தாவரகம் உதவுகிறது. சென்னையின் பெயரைத் தாங்கிய மெட்ராஸ் ஹெர்பேரியம், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில், கோயம்புத்தூரில் இருக்கிறது. ஒரே சிற்றினத்தின் பல மாவட்டத்து மாதிரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, எந்த அடையாளம் ஊருக்கு ஊர் மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பது தெளிவாகிவிடும். களத்திலும் இதையே சிறிய அளவில் செய்யலாம். ஒரே இடத்தில் பரவியிருக்கும் செடிகளில் நிழலில் நிற்பது, வெயிலில் நிற்பது, ஆடு கடித்துத் துளிர்த்தது என்று சிலவற்றை எடுத்து, நாம் நம்பும் அடையாளம் எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலையின் அளவும் செடியின் உயரமும் இந்தச் சோதனையில் உடனே தோற்றுவிடும். சுரப்பியின் எண்ணிக்கையும் செதிலின் வடிவமும் புல்லி வாயின் சாய்வும் பெரும்பாலும் தேறிவிடும். காப்புக்காட்டில் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது என்பதால், அங்கே பூவைக் கிளையிலேயே திருப்பிப் படமெடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் எட்டாத செடிகள் இருக்கும். பூ முடிந்து காய் வராத சைடா, புல்லி வாய் கருகிவிட்ட தும்பை, மடல் காய்ந்துவிட்ட கானாவாழை ஆகியவற்றைப் பேரினத்தோடு நிறுத்திவிட வேண்டும். என் குறிப்பேட்டில் அவற்றுக்குப் பேரினப் பெயரும், இடமும் தேதியும், எந்த உறுப்பு பார்க்கக் கிடைக்கவில்லை என்பதும் இருக்கும். "லியூகாஸ். ஒடுங்கிய இலை. பூவடிச்செதில் உதிர்ந்துவிட்டது, கார்த்திகையில் புதுக் கொத்தில் பார்க்க வேண்டும்" என்பது அப்படி ஒரு பதிவு. எதைத் தேடிப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதியிருப்பதால், அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கரையில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது.